தங்கக் கிண்ணத்தில் மதுப் பாட்டு, அதுவும் அரபியில்! இது எப்படி?

#1 ஏட்டுச்சுரைக்காய்

மகள் வீட்டுக்கு லண்டன் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஒரு மழை நாளில் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கிளம்பினேன். மம்மிகள் பக்கம் திருவிழாக் கூட்டம். ஒதுங்கி நடந்ததில் இஸ்லாமிய உலகக் கூடத்துக்குள் போய்விட்டேன். அங்கே ஒரு கூஜா. பித்தளை உடம்பு. அதில் விரல் வைக்க இடம் விடாமல் வெள்ளியும் செம்பும் பதித்திருக்கிறார்கள். 1232இல் மோசுலில் செய்ததாம், பிளாக்காஸ் கூஜா என்று பெயர். முக்கால் மணி நேரம் அதன் முன்னாலேயே நின்றேன். காவலர் இரண்டு முறை வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து அருங்காட்சியகத்தின் இணையத்தளத்தை மேய்ந்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. சின்னத் தங்கக் கிண்ணம். ஈரான், 11ஆம் நூற்றாண்டு, நிஹாவந்தில் கிடைத்ததாகக் குறிப்பு. மேலே அரபி எழுத்து. குர்ஆன் வசனமாக இருக்கும் என்று நினைத்துத்தான் பொருளைப் படித்தேன். மதுவைப் புகழ்கிற பாட்டு!

தங்கமும் கூடாது, மதுவும் கூடாது என்றுதான் நமக்குத் தெரியும். இரண்டையும் ஒரே கிண்ணத்தில் போட்டு, குர்ஆனின் மொழியிலேயே எழுதியும் வைத்திருக்கிறார்களே. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நாகூர்வாசி

ஐயா, உங்களுக்குத் தெரிந்தது சரிதான். உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ், அதாவது நபிமொழி, புகாரி, முஸ்லிம் என்ற இரு தொகுப்பு நூல்களிலும் இருக்கிறது. வெள்ளிப் பாத்திரத்தில் குடிப்பவர் தம் வயிற்றுக்குள் நரக நெருப்பைத்தான் மிடறு மிடறாக இறக்குகிறார் என்று பொருள். இன்னொன்று ஹுதைஃபா (ரலி) அவர்கள் மதாயினில் இருந்தபோது நடந்தது. தண்ணீர் கேட்டார்கள். அந்த ஊர்ப் பெரியதனக்காரர் வெள்ளிப் பாத்திரத்தில் கொண்டுவந்தார். அதை வாங்கி அவர் மேலேயே எறிந்துவிட்டார்கள். முன்பே பலமுறை தடுத்தும் கேட்காததால்தான் எறிந்தேன் என்றும் சொன்னார்கள்.

மதாயின் எந்த ஊர் என்று பாருங்கள். பாரசீகச் சாசானியப் பேரரசர்களின் தலைநகரம். பொன்னிலும் வெள்ளியிலும் தின்று குடித்த அரண்மனை அங்கேதான் இருந்தது. தடை வந்ததும் அந்தப் பகட்டைப் பார்த்துத்தான். பின்னால் வந்த அமீர்கள், அதாவது ஆட்சியாளர்கள், ஆசைப்பட்டதும் அதே பகட்டுக்குத்தான். இது என் கருத்து.

#3 தோஹாவிலிருந்து

அந்தக் கிண்ணத்துப் பாட்டு இப்னு அத்தம்மார் என்ற கவிஞருடையது. பொருள் ஏறக்குறைய இப்படி வரும்: மது ஒரு சூரியன், சிவந்த சீனப் பட்டு உடுத்திய சூரியன். அது ஓடிவருகிறது, அது உதிக்கிற கிழக்கு இந்தக் குடுவை. நல்ல பொழுதில் குடி, இன்று இன்பமான நாள், தூறலோடு வந்திருக்கிறது.

அரபியில் "மத்லஃ" என்றால் சூரியன் எழும் இடம். குடுவையின் வாயைக் கிழக்குத் திசை ஆக்கிவிட்டார் கவிஞர். இப்போது நீங்களே அந்தக் கிண்ணத்தைக் கையில் பிடித்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தங்கம் மின்னுகிறது, சிவப்பு மது விழுகிறது. உலோகம் பாதிக் கவிதையைச் சொல்லிவிடுகிறது, மீதியைத்தான் எழுத்து சொல்கிறது. ஈயக் கிண்ணத்தில் இதே வரிகளை எழுதினால் எடுபடாது.

இது புதுப் பழக்கமும் இல்லை. அதற்கு இருநூறு ஆண்டுக்கு முன்பே பாக்தாதில் அபூ நுவாஸ் ஒரு பொற்கிண்ணத்தைப் பாடியிருக்கிறார். கிண்ணத்தின் அடியில் பாரசீக மன்னன் கிஸ்ராவின் உருவம், சுற்றிலும் வில்லோடு வேட்டையாடும் குதிரைவீரர்கள். மதுவை அவர்களின் சட்டைப் பொத்தான் வரைக்கும் ஊற்ற வேண்டுமாம். அதற்கு மேல் தொப்பி வரைக்கும் தண்ணீர். ஒரு ஓவியத்தை அளவுகோல் ஆக்கியவர் அவர்!

#4 சும்மா_வந்தவன்

எந்த மதத்து ராஜா சட்டத்தை மதிச்சான்? முடிஞ்சது. இழையைப் பூட்டலாம்.

#5 கல்வெட்டுக்கிறுக்கன்

தம்பி, அவ்வளவு சீக்கிரம் பூட்டாதீர்கள்.

பொன், வெள்ளிப் பாத்திரங்கள் இருந்தன, ஏராளமாக இருந்தன. இன்றைக்கு ஏன் கைவிட்டு எண்ணும் அளவுக்கு இருக்கின்றன? கேட்க வேண்டியது இதைத்தான். ஹதீஸ் அவற்றை அழிக்கவில்லை. உலைதான் அழித்தது. சம்பளம் கேட்டுப் படை வாசலில் நின்றால் அமீர் முதலில் அனுப்புவது தட்டையும் குடத்தையும்தான். நாணயச் சாலைக்குப் போகும், காசாகி வெளியே வரும்.

கெய்ரோவின் ஃபாத்திமிய கலீஃபா முஸ்தன்சிர் காலத்தில் நடந்ததைப் பாருங்கள். 1060களின் கடைசியில் பஞ்சம், உள்நாட்டுச் சண்டை. துருக்கிப் படையினர் சம்பள பாக்கி என்று சொல்லி அரண்மனைக் கருவூலத்தை வாரிக்கொண்டு போனார்கள். என்னென்ன போயின என்ற பட்டியல்கள் அரபு நூல்களில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பாத்திரங்கள் இல்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் நின்றபோதெல்லாம் எனக்கு இதே எண்ணம்தான் வரும். ராஜராஜன் கொடுத்த பொன்னின் தளிகை, கலசம், மண்டை என்ற பாத்திரம் என்று ஒவ்வொன்றும் "ஆடவல்லான்" என்னும் எடைக்கல்லால் நிறுத்து, எடையோடு சுவரில் வெட்டியிருக்கிறார்கள். படிக்கலாம், தொடலாம். பாத்திரம் ஒன்றுகூடக் கிடையாது. அங்கே காகிதம், இங்கே கருங்கல், அவ்வளவுதான் வித்தியாசம்.

தப்பிப் பிழைத்தவற்றில் எனக்குப் பிடித்தது வாஷிங்டன் ஃப்ரீர் கலைக்கூடத்தில் இருக்கும் தங்கக் கூஜா. அதில் பெயர் இருக்கிறது: அபூ மன்சூர் அமீர் பக்தியார் இப்னு முஇஸ்ஸுத் தவ்லா. ஈராக்கை 967 முதல் 978 வரை ஆண்ட, புவைஹித் என்ற அரச மரபைச் சேர்ந்த அமீர். அல்லாஹ் அவர் ஆயுளை நீட்டிப்பானாக என்ற வேண்டுதலும் அதில் இருக்கிறது. 978இல் சொந்தப் பெரியப்பா மகன் அளுதுத் தவ்லாவிடம் தோற்று, பிடிபட்டு, கொல்லப்பட்டார். கடைசி வருடங்களில் போரில் பறிபோன ஒரு துருக்கி அடிமைக்காக அன்னம் தண்ணீர் இல்லாமல் அழுதார் என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் மிஸ்கவைஹி எழுதியிருக்கிறார். இப்படிப்பட்டவருடைய கூஜா எப்படி உலையிலிருந்து தப்பியது என்று நினைத்தால் ஆச்சரியம்தான்.

#6 பத்தர்மகன்

வணக்கம். எங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாகத் தஞ்சாவூர்ப் பக்கம் வெள்ளி வேலை. நான் மட்டும் தப்பித்து வங்கிக்குப் போய்விட்டேன். அப்பா பட்டறையில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

கிறுக்கன் அண்ணன் சொன்ன ஃப்ரீர் கூஜா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்து மேலே வெட்டியது இல்லை. உள்ளிருந்து தள்ளி எழுப்பியது, புடைப்பு வேலை. தட்டைத் தகட்டில் என்றால் எளிது. அரக்குப் படுக்கையில் பதிய வைத்துத் தட்டலாம். குங்கிலியம், செங்கல் தூள், எண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய கலவையைத்தான் எங்கள் பக்கம் அரக்கு என்போம். கழுத்து குறுகின கூஜாவில் உள்ளே சுத்தியல் போகாது. வளைந்த கம்பியை உள்ளே விட்டு, வெளிமுனையில் அடித்து, அதிர்விலே எழுப்ப வேண்டும். பிறகு உள்ளே அரக்கை நிரப்பி வெளியிலிருந்து ஓரம் கட்ட வேண்டும். கூஃபி என்ற பழைய அரபி எழுத்துவகை நேர்கோடும் கோணமுமாக இருப்பதால் இந்த வேலைக்கு ஒத்துவரும். நம் "ஞ"வை இப்படி எழுப்பச் சொன்னால் அப்பா உளியைக் கீழே வைத்துவிடுவார்.

பெயர் விஷயம். இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? நம் வீட்டு எவர்சில்வர் குடம் ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். பாட்டி பெயர், தேதி, "அன்பளிப்பு" என்று ஒரு மாமா பெயர். பாத்திரக் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். அமீருக்கும் அதே ஆசைதான்.

#7 ஏட்டுச்சுரைக்காய்

பத்தர்மகன், நான் கைகட்டி நின்று படிக்கிறேன். ஒரு சந்தேகம். இணையத்தில் வேறு பல பாத்திரங்களையும் பார்த்தேன். பலவற்றில் பெயரே இல்லை. "இதன் உரிமையாளருக்கு" என்று மட்டும் போட்டிருக்கிறது. இது என்ன, பெயர் வெட்ட மறந்துபோன கடையா?

#8 தோஹாவிலிருந்து

ஐயா, இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான்.

"லி ஸாஹிபிஹி", அதன் உடையவருக்கு. அதற்கு முன்னால் ஒரு சரம் வரும்: இஸ், இக்பால், தவ்லா, ஸலாமா, ஸஆதா, பகா. மாட்சி, வளம், ஆட்சிப்பேறு, நலம், நற்பேறு, நீடுவாழ்வு. இன்னும் சுருக்கமாக என்றால் "பரக்கா", அதாவது நம் ஊர் பாய்மார் சொல்லும் பரக்கத். எல்லாம் சரம் சரமாக வரும். உரிமையாளர் பெயர் மட்டும் வராது.

காரணம் எளிது. கடைச் சரக்கு. யார் வாங்குவார் என்று செய்கிறவருக்குத் தெரியாது. அதனால் யார் வாங்கினாலும் பொருந்துகிற வாழ்த்து. பெயர் இருந்தால் சொல்லிச் செய்தது, பெயர் இல்லாவிட்டால் சந்தைக்குச் செய்தது என்று பொதுவாகக் கொள்ளலாம். சில பாத்திரங்களில் இடம் போதாமல் வாழ்த்து நடுச் சொல்லிலேயே அறுந்து நிற்கும். "நற்பே" என்று நின்றுவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். வாங்கினவர் யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்க மாட்டார்.

அரபி எழுத்து என்றாலே அது மத வாசகம் என்று நினைப்பதை முதலில் விடவேண்டும். வீட்டுப் பாத்திரங்களில் வருவது பெரும்பாலும் வாழ்த்து, பட்டம், பெயர். கொஞ்சம் கவிதை. நிஷாப்பூர் மண் கிண்ணங்களில் பழமொழிகூட உண்டு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள 10ஆம் நூற்றாண்டுக் கிண்ணம் ஒன்று, வேலைக்கு முன் யோசித்தால் பின்னால் வருத்தம் இல்லை என்று சொல்லும். வெள்ளைப் பூச்சின் மேல் கறுப்புக் கூஃபி. வெள்ளியில் கறுப்பு எழுத்துப் பதித்த பாத்திரத்தை மண்ணிலே கொண்டுவரும் முயற்சி அது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

#9 பத்தர்மகன்

வெள்ளியில் அந்தக் கறுப்பு எப்படி வருகிறது என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். நியெல்லோ என்பார்கள். வெள்ளி, செம்பு, ஈயம் மூன்றையும் கந்தகத்தோடு உருக்கினால் கறுப்பாக ஒரு பொருள் வரும். அதைப் பொடித்து, வெட்டிய எழுத்துப் பள்ளத்தில் நிரப்பிச் சூடு காட்டினால் இளகி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் தேய்த்து மெருகு. தெஹ்ரான் குலிஸ்தான் அரண்மனை அருங்காட்சியகத்தில் அமீர் வல்கின் இப்னு ஹாரூன் பெயரில் ஒரு வெள்ளித் தொகுதியே இருக்கிறது, கிண்ணம், குடுவை, தட்டு என்று. எல்லாவற்றிலும் இந்தக் கறுப்பு எழுத்துதான். ஒரே கை வேலை என்று பார்த்ததும் தெரிகிறது.

#10 நாகூர்வாசி

ஏட்டையா பார்த்த மோசுல் கூஜாவுக்குத் திரும்புவோம். பித்தளையில் வெள்ளி பதிப்பது ஏன் வந்தது? இதில் ஃபிக்ஹ், அதாவது மார்க்கச் சட்டம், பக்கம் ஒரு நுணுக்கம் உண்டு.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் குவளை ஒன்று உடைந்து, உடைந்த இடத்தை வெள்ளியால் பிணைத்து வைத்திருந்தார்கள் என்று அனஸ் (ரலி) வழியாக ஹதீஸ் இருக்கிறது. அப்படியானால் முழு வெள்ளிப் பாத்திரம் வேறு, வெள்ளி ஒட்டிய பாத்திரம் வேறு. இமாம் அபூ ஹனீஃபா, வெள்ளி படிந்த இடத்தில் வாய் படாமல் குடித்தால் கூடும் என்றார்கள். இன்னொரு சட்டப் பள்ளியான ஷாஃபிஈகள் இதில் கெடுபிடி, அழகுக்காகப் பெரிதாக வெள்ளி ஒட்டினால் கூடாது. எங்கள் கடற்கரை ஊர்கள் ஷாஃபிஈ மத்ஹப், எனக்கு அந்தக் கூஜாவில் தண்ணீர் குடிக்க வழியில்லை. ஆனால் பதிப்பு வேலை முதலில் செழித்தது ஹிராத், குராசான் (இன்றைய ஆப்கானிஸ்தான், கிழக்கு ஈரான்) பக்கம். அங்கே அபூ ஹனீஃபா வழிச் செல்லும் ஹனஃபிகள் அதிகம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

#11 கல்வெட்டுக்கிறுக்கன்

பாய், அழகான வாதம். ஆனால் எனக்கு முழுசாக ஒப்பவில்லை.

பெரும்பாலோர் சொல்வது வெள்ளிப் பஞ்சம். 10ஆம் நூற்றாண்டில் சாமானித் அரச மரபினர் அந்தப் பக்கம் ஆண்டபோது பஞ்ச்ஷீர் போன்ற சுரங்கங்களிலிருந்து வெள்ளி பெருகி வந்தது. அவர்களின் திர்ஹம் என்ற வெள்ளிக் காசுகள் ஸ்காண்டிநேவியா மண்ணுக்கடியில்கூடக் குவியல் குவியலாகக் கிடைக்கின்றன. 11ஆம் நூற்றாண்டில் வரத்து வற்றியது. கிழக்கில் வெள்ளிக் காசில் செம்பு கூடிக்கொண்டே போனது. அப்போதுதான் பித்தளை மேல் கொஞ்சம் வெள்ளி என்ற யோசனை பிறந்தது என்பார்கள்.

இதிலும் ஓட்டை உண்டு. அதே பஞ்ச காலத்திலேயே முழு வெள்ளிச் சாமான்கள் செய்திருக்கிறார்கள். வடக்கு ஈரானில் புதையலாகக் கிடைத்ததாகச் சொல்லப்படும் ஹராரி தொகுப்பு இன்று ஜெருசலேமில் எல். ஏ. மேயர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பன்னீர்ச் செம்பு, சேணப் பூண், எல்லாம் வெள்ளி. இருப்பவன் எந்தப் பஞ்சத்திலும் வாங்குவான்.

என் வாக்கு மூன்றாவது காரணத்துக்கு: புதிதாக வாங்க வந்தவர்கள். சாட்சி, ரஷ்யாவில் ஹெர்மிட்டாஜில் இருக்கும் போப்ரின்ஸ்கி வாளி. ஹிஜ்ரி 559 முஹர்ரம், அதாவது 1163 டிசம்பர், ஹிராத். கைப்பிடியில் தேதி. உடம்பில் செம்பும் வெள்ளியும் பதித்த விருந்து, வேட்டை, சூதாட்டக் காட்சிகள். எழுத்துகள் மனிதத் தலையோடு எழுந்து நிற்கும், ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், குடிக்கும். விளிம்பில் யார் யார் பெயர் என்று பாருங்கள்: செய்யச் சொன்னவர் ஒருவர், வார்த்தவர் முஹம்மது இப்னு அப்துல் வாஹித், பதித்தவர் ஹிராத்தின் மஸ்ஊத் இப்னு அஹ்மத், உடையவர் ரஷீதுத்தீன் அஸீஸீ என்ற ஸன்ஜான்காரர். அந்த உடையவருக்குப் பட்டம் என்ன தெரியுமா? வணிகர்களின் பெருமை! சுல்தான் இல்லை, அமீர் இல்லை, வியாபாரி. வெறும் குளியல் வாளிக்கு நாலு பேர் பெயர்.

#12 பத்தர்மகன்

அண்ணே, வெள்ளி மிச்சம் பிடிக்க இதைச் செய்தார்கள் என்றால் எந்தப் பத்தரும் நம்ப மாட்டார். முழு வெள்ளிக் கூஜாவில் உலோகத்துக்குத்தான் காசு. பதிப்பு வேலையில் கூலிக்குத்தான் காசு. பித்தளையில் பள்ளம் வெட்டி, ஓரத்தை உளியால் லேசாக எழுப்பி, வெள்ளித் தகட்டை வெட்டி உள்ளே இறக்கி, எழுப்பிய ஓரத்தை அதன் மேல் மடித்துத் தட்டிப் பிடிக்க வைக்கணும். பற்ற வைப்பதே கிடையாது. பிறகு வெள்ளியின் மேல் முகம், கண், ஆடை மடிப்பு என்று கீறணும். மோசுல் வேலையில் மிச்ச இடத்தில் நிலக்கீல் மாதிரி கறுப்புப் பசையும் நிரப்பியிருக்கிறார்கள். ஒரு கூஜாவுக்கு மாசக் கணக்கில் ஆகும்.

எங்கள் தஞ்சாவூர்த் தட்டும் இதற்குச் சொந்தம்தான், ஆனால் கொஞ்சம் சுளுவு. பித்தளைத் தட்டில் காடி வெட்டி, அச்சில் எழுப்பிய வெள்ளித் தகட்டுக்குப் பின்னால் அரக்கு ஊற்றி, காடியில் பதித்து அடிப்போம். நேர்வாரிசு வேண்டுமானால் பீதருக்குப் போங்கள். பித்ரி வேலையில் துத்தநாகக் கலவையின் மேல் வெள்ளி, பீதர் கோட்டை மண்ணைப் போட்டுக் கறுக்க வைப்பது.

உருக்கினால் கிடைப்பது கொஞ்சம் வெள்ளி, மூட்டை நிறையப் பித்தளை. அதனால்தான் இவை இன்னும் இருக்கின்றன. கலை மதிப்பு தெரிந்து யாரும் காப்பாற்றவில்லை.

#13 தோஹாவிலிருந்து

அதையும் விடவில்லை பத்தரே. 15ஆம் நூற்றாண்டுக் கெய்ரோ வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதுகிறார்: அந்த நகரத்தில் பதிப்பு வேலைக்காரர்களுக்கென்றே ஒரு கடைத்தெரு இருந்தது. ஒரு காலத்தில் வெள்ளி பதித்த சாமான் இல்லாத வீடு கிடையாது. மணப்பெண் சீரில் பதிப்பு வேலை செய்த மணையும் அதன் மேல் அடுக்கின பாத்திர வரிசையும் போகும். அவர் காலத்தில் மவுசு போய்விட்டது, வாங்குகிறவர்களே வெள்ளியைச் சுரண்டி எடுத்து விற்கிறார்கள் என்று அலுத்துக்கொள்கிறார். இன்று அருங்காட்சியகங்களில் இருக்கும் பாத்திரங்களில் வெறும் பள்ளங்களாகத் தெரிகிற இடங்களைப் பார்த்தால் அவர் குரல் கேட்கும்.

சீர்வரிசை என்றதும் எனக்கு என் அம்மாவின் பரண் ஞாபகம் வந்தது. அது வேறு கதை.

#14 சும்மா_வந்தவன்

சரி, நானும் தேடிப் பார்த்தேன். பாஸ்டனில் செல்ஜுக் சுல்தான் ஆல்ப் அர்ஸ்லான் பேர் போட்ட வெள்ளித் தட்டு ஒண்ணு இருக்காமே. ராணி கொடுத்ததாம். தேதி, செஞ்சவர் பேர் எல்லாம் இருக்கு. இதை யாரும் ஏன் சொல்லலை?

#15 கல்வெட்டுக்கிறுக்கன்

வாங்க தம்பி, பூட்டச் சொன்னவரே சாவி கொண்டுவந்துவிட்டார்.

ஹிஜ்ரி 459, ஹசன் அல்காஷானி கையெழுத்து. எல்லாமே கச்சிதமாக இருப்பதுதான் தொந்தரவு. அது பிற்காலப் போலி என்று கருதுகிற அறிஞர்கள் பலர், வாதம் நீண்டகாலமாக ஓடுகிறது. 1920, 30களில் ஈரானின் ரய் நகர இடிபாட்டிலிருந்து வந்தவை என்று சந்தைக்கு வந்த பொருள்களை எல்லாம் கொஞ்சம் தள்ளி நின்றே பார்க்க வேண்டும். அப்போது வந்த "புவைஹித் பட்டு"களில் பல, கார்பன் காலக்கணிப்பில் நம் காலத்துத் துணி என்று மாட்டிக்கொண்டன. பெயர், தேதி, ஊர், கலைஞர் எல்லாம் இருந்தால் விலை பல மடங்கு. ஆகவே எழுத்து அதிகமாகப் பேசினால் எனக்குச் சந்தேகம் வரும்.

சந்தேகமே வராத ஒன்று வேண்டுமானால் ஸ்பெயினில் ஜிரோனா பேராலயத்தைப் பாருங்கள். மரப்பெட்டி, மேலே பொன்முலாம் பூசிய வெள்ளித் தகடு, நியெல்லோ. குர்துபா (ஸ்பெயினின் கோர்தோபா) கலீஃபா இரண்டாம் ஹகம் தன் சிறுவன் ஹிஷாமைப் பட்டத்து வாரிசாக அறிவித்ததை ஒட்டி 976இல் செய்ய வைத்தது. மூடியைச் சுற்றிக் கூஃபியில் அப்பா பெயர், மகன் பெயர், மேற்பார்வை ஜவ்தர் என்று இருக்கிறது. பூட்டுப் பட்டையின் அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், பத்ர், தரீஃப் என்று செய்தவர்கள் இருவர் பெயர். அதே ஆண்டு ஹகம் இறந்ததும், இந்தச் சிறுவன் வேண்டாம், சித்தப்பாவைக் கலீஃபா ஆக்குவோம் என்று கிளம்பிய அரண்மனை அதிகாரிகள் இருவரில் ஒருவர் ஜவ்தர். பெட்டியில் இருப்பவர் அவரே என்றுதான் பொதுவாகக் கொள்கிறார்கள். வாரிசுப் பெட்டியில் பெயர் போட்டுக்கொண்டவரே வாரிசைக் கவிழ்க்கப் பார்த்திருக்கிறார்!

லியோன் நகரத்து சான் இசிதோரோவிலும் ஒரு சின்ன வெள்ளிப் பெட்டி. ஃபாத்திமிய அமைச்சர் ஸதகா இப்னு யூசுஃபின் கருவூலத்துக்கு என்று அதில் இருக்கிறது. அவர் 1044இல் பதவிக்கு வந்தார், சில ஆண்டுகளில் பதவியும் போய் உயிரும் போனது.

கவனியுங்கள்: கெய்ரோவில், குர்துபாவில் இருந்தவை உருகிப்போயின. தேவாலயத்துக்குப் போனவை பிழைத்தன. மண்ணுக்குள் போனவை பிழைத்தன. உரால் மலைப் பக்கம் மென்மயிர்த் தோலுக்கு மாற்றாகப் போன கிழக்கத்தி வெள்ளித் தட்டுகள், அங்கத்திய காட்டுக் குடிகளின் வழிபாட்டிடங்களில் இருந்து பிழைத்து ஹெர்மிட்டாஜ் வந்து சேர்ந்தன. அதன் விலை தெரியாத, அல்லது எழுத்தைப் படிக்கத் தெரியாத கையில் சிக்கியவைதான் நமக்கு மிச்சம்.

#16 நாகூர்வாசி

மாஷா அல்லாஹ். நம் பக்கத்துக் கடலையும் ஒரு வரி சேர்க்கிறேன். கெய்ரோவில் பழைய யூதத் தொழுகைக்கூடத்தின் ஏட்டறையில் கிடைத்த கடிதங்களில் ஆபிரகாம் பென் யீஜு என்ற வணிகருடையவை உண்டு. துனீசியாவிலிருந்து வந்து 1130, 40களில் மலபார்க் கரையில் வெண்கலப் பட்டறை நடத்தினார். ஏடன் நண்பர்கள் உடைந்த செம்பு, பித்தளைச் சாமானை மூட்டை கட்டிக் கப்பலில் அனுப்புவார்கள். இதை உருக்கி இன்ன வடிவத்தில், இன்ன எடையில் தட்டும் கூஜாவும் செய்து அனுப்பு என்று கூடவே கடிதம் வரும். மேற்கே உடைந்தது நம் கரையில் உருகி மறுபடி மேற்கே போயிருக்கிறது.

அப்புறம், எழுதிய பாத்திரம் என்றால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கூஜா அல்ல, பீங்கான். காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு வெள்ளைப் பீங்கான் தட்டில் குங்குமப்பூ மையால் ஓதி எழுதி, கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். சிறு வயதில் நானும் குடித்திருக்கிறேன். கூடும், கூடாது என்ற சண்டை தனி இழை போடும் அளவுக்கு உண்டு, இங்கே வேண்டாம். சிரியாவின் நூருத்தீன் ஸங்கி பெயரில் 12ஆம் நூற்றாண்டுச் செப்புக்கலவைக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. தேள்கடி, பாம்புக்கடி, நாய்க்கடிக்கு இதில் தண்ணீர் குடிக்கலாம் என்று பட்டியலே வெட்டியிருக்கிறார்கள். எங்கள் பீங்கானுக்கு அது பெரியப்பா முறை.

#17 ஏட்டுச்சுரைக்காய்

ஒரு கிண்ணத்தைக் கேட்டேன், கடையையே இறக்கி வைத்துவிட்டீர்கள். அடுத்த மாதம் மருமகன் பாரிஸ் கூட்டிப்போகிறேன் என்கிறார். லூவரில் ஒன்றே ஒன்று பார்க்கலாம் என்றால் எது? முழங்கால் இரண்டும் அதற்கு மேல் ஒத்துழைக்காது.

#18 தோஹாவிலிருந்து

"புனித லூயியின் ஞானஸ்நானத் தொட்டி" என்று கேளுங்கள் ஐயா. பெயரை நம்பாதீர்கள். அந்த லூயி 1270இலேயே இறந்துவிட்டார். இது அதற்கு ஐம்பது ஆண்டாவது பிந்தைய, எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக் சுல்தான்கள் காலத்து வேலை. பிறகு பிரெஞ்சு அரச குடும்பத்தின் கைக்குப் போய், 1606இல் பதின்மூன்றாம் லூயிக்கு இதில்தான் ஞானஸ்நானம். பித்தளை, வெள்ளி, தங்கம். சுல்தான் பெயர் கிடையாது, வாழ்த்துச் சரம் கிடையாது. ஆனால் செய்த முஹம்மது இப்னு அஸ்ஸைன் ஆறு இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒன்றுதான் விளிம்பில் நேராகத் தெரியும். மற்றவை படத்தில் இருப்பவர்கள் கையில் பிடித்த கோப்பையில், உட்கார்ந்திருக்கும் சிம்மாசனத்தில் என்று ஒளித்து வைத்தவை.

ஊழியர்கள் வரிசையாகப் போகும் காட்சியில் ஒருவர் தட்டு ஏந்தியிருப்பார். அந்தத் தட்டு உங்கள் சுண்டுவிரல் நக அளவுதான் இருக்கும். அதன் மேல் அரபியில் எழுதியிருக்கிறது: நான் உணவு சுமக்கும் பாத்திரம்.

#19 பத்தர்மகன்

பூதக்கண்ணாடி எடுத்துப் போங்க ஐயா. வெள்ளி அங்கே மிச்சம் இருக்கிறதா, சுரண்டிவிட்டார்களா என்று பார்த்து வந்து சொல்லுங்கள். அப்பா கேட்கச் சொன்னார்.